எச்சரிக்காத எண்

சமாரியம் சல்பைடு கன்னங்கரேலென்று இருக்கும் ஒரு படிகம். அதன்மேல் சுமார் 0.65 ஜிகாபாஸ்கல் அழுத்தம், அதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 6,400 மடங்கு, ஏறியதும் அது பொன்னிறமாகிவிடுகிறது. 1970இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெயராமனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை அறிவித்தார்கள். சி. வி. ராமனின் ஆய்வகத்தில் பயின்று, உயர் அழுத்த இயற்பியலில் உலகறிந்த பெயராக உயர்ந்தவர் அவர். இந்த மாற்றத்தைப் பார்க்கப் பெரிய எந்திரம்கூடத் தேவையில்லை. படிகத்தின் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினாலே போதும், தேய்த்த இடம் மட்டும் பொன்னாக மின்னும். குறைக்கடத்தி உலோகத்தன்மைக்கு நகர்ந்ததன் அடையாளம் அந்த நிறம்.

இந்தச் சோதனையில் படிகத்துக்குள் புதிதாக எதுவும் போகவில்லை, உள்ளிருந்து எதுவும் வெளியே வரவும் இல்லை. ஒரு பொருளின் குணத்தை மாற்ற வேண்டுமென்றால் வேதியியலாளர் வேறொரு தனிமத்தைக் கலப்பார். கலந்த தனிமம் நினைத்த வேலையோடு நினைக்காத நாலு வேலைகளையும் செய்யும். சூடேற்றினால் அணுக்களின் ஆட்டம் கூடும், அந்த ஆட்டமே ஒரு குழப்பம். அழுத்தம் மட்டும்தான் எதையும் சேர்க்காமல், அணுக்களுக்கு நடுவே உள்ள தொலைவில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. சமாரியம் அதே சமாரியம், கந்தகம் அதே கந்தகம். அப்படியானால் கறுப்பும் பொன்னும் தனி அணுவின் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் யாருக்குப் பக்கத்தில், எவ்வளவு பக்கத்தில் என்பதில்தான் அவை இருந்திருக்கின்றன.

இந்தத் துறையைத் தொடங்கி வளர்த்தவர் என்று ஹார்வர்டின் பெர்சி பிரிட்ஜ்மனைச் சொல்லலாம். உள்ளே அழுத்தம் ஏற ஏற ஒழுகாமல், அந்த அழுத்தத்தாலேயே மேலும் இறுகிக்கொள்ளும் ஓர் அடைப்பை அவர் வடிவமைத்தார். அந்தச் சிறிய கைவினைதான் எல்லாவற்றுக்கும் வழி திறந்தது. 1914இல் வெண் பாஸ்பரசை அழுத்திக் கரும் பாஸ்பரசைக் கண்டார், 1946இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. இயற்பியலில் ஒரு கருத்துக்கு என்ன பொருள் என்று கேட்டால், அதை அளக்க நீங்கள் செய்யும் செயல்களே அதன் பொருள் என்று 1927இல் ஒரு நூல் எழுதி வாதிட்டவர் அவர். அளக்க வழி சொல்லாத கருத்துகள்மேல் அவருக்குப் பொறுமை கிடையாது. இந்தக் கண்டிப்பு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

1950களின் இறுதியில் வாஷிங்டனிலிருந்த அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் வைரப் பட்டடைக் கலம் பிறந்தது. கடத்தல்காரர்களிடமிருந்து அரசு பறிமுதல் செய்த வைரங்கள்தான் அதற்கு முதலில் பயன்பட்டன என்பது அறிவியல் வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. கூர் சீவித் தட்டையாக்கிய இரண்டு வைரங்கள் முகத்துக்கு முகம் வைக்கப்படும். நடுவே துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு. துளைக்குள் மாதிரிப் படிகம், அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்ப ஒரு திரவம், கூடவே மாணிக்கத் துணுக்கு ஒன்று. லேசர் பட்டதும் மாணிக்கம் 694 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். அழுத்தம் கூடினால் அந்த ஒளியின் அலைநீளமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், அதுவே அழுத்தமானி. மின்தடையை அளக்க வேண்டுமானால் தலைமுடியைவிட மெல்லிய நான்கு கம்பிகளை அந்தத் துளைக்குள் அறுந்துவிடாமல், தகட்டைத் தொட்டுவிடாமல் கொண்டுபோக வேண்டும். அறிக்கைகளில் ஒற்றை வாக்கியமாகக் கடந்துபோகும் இந்த வேலைக்குப் பின்னால் எத்தனை பேருடைய கண்ணும் முதுகும் வலித்திருக்கும் என்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

அணுக்கள் நெருங்கினால் எலெக்ட்ரான்களுக்கு என்ன ஆகும்? பாடப்புத்தகம் தரும் பதில் எளிது. பக்கத்து அணுக்களின் எலெக்ட்ரான் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, ஆற்றல் பட்டைகள் அகலமாகின்றன, நிரம்பிய பட்டைக்கும் காலிப் பட்டைக்கும் நடுவிலிருந்த ஆற்றல் இடைவெளி சுருங்கி மூடுகிறது, காப்புப் பொருள் உலோகமாகிறது. சமாரியம் சல்பைடின் நிறமாற்றமும் மேலோட்டமாகப் பார்த்தால் இந்தக் கதையோடு ஒத்துப்போகும். ஆனால் 2009இல் சோடியத்தைச் சுமார் 200 ஜிகாபாஸ்கலுக்கு அழுத்தியவர்கள் கண்டது நேரெதிர். பளபளக்கும் எளிய உலோகமான சோடியம், ஒளி ஊடுருவும் காப்புப் பொருளாகிவிட்டது. அணுக்கருக்களைச் சூழ்ந்த உள் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருக்கவும், வெளி எலெக்ட்ரான்கள் அணுக்களுக்கு இடைப்பட்ட மூலைகளில் போய் அடைபட்டு நின்றுவிட்டன. அழுத்தினால் எலெக்ட்ரான்கள் தாராளமாக ஓடும் என்பது பாதி உண்மைதான்.

இந்தப் பாதி உண்மைகள் எல்லாம் ஒன்றாகக் கூடி மல்லுக்கு நிற்கும் களம், காந்தத் தன்மை கொண்ட டோப்பாலஜிப் பொருள்கள்.

டோப்பாலஜி என்றால் வடிவம் நெளிந்தாலும் நீண்டாலும் மாறாத குணங்களைப் பற்றிய கணிதம். தமிழில் இடத்தியல் என்பார்கள். இதை விளக்க வீட்டு வாசலுக்குப் போனாலே போதும். சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் கம்பி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. முழுக் கோலமும் ஒரே இழையில் முடிந்ததா, இரண்டா, மூன்றா என்பது அந்தக் கோலத்தின் ஓர் எண். போடுகிறவர் கை நடுங்கி வளைவுகள் கோணலாகலாம், கோலம் ஒரு பக்கம் சப்பையாகலாம், இழைகளின் எண்ணிக்கை மாறாது. ஒன்றரை இழைக் கோலம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எண்ணிக்கை மாற வேண்டுமானால் எங்கேனும் இரண்டு வளைவுகள் ஒன்றையொன்று தொட்டு, தொட்ட இடத்தில் அறுந்து, வேறு விதமாகச் சேர வேண்டும்.

படிகத்துக்குள் எலெக்ட்ரான் அலைகளின் பின்னலுக்கும் இப்படி ஒரு முழு எண் உண்டு. 1980இல் கிளாஸ் வான் கிளிட்சிங் வலுவான காந்தப்புலத்தில் வைத்த ஒரு மின்கருவியில், குறுக்குவாட்டு மின்தடை 25,812.8 ஓம் என்ற அளவையோ அதை முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பதையோ அச்சுப் பிசகாமல் காட்டுவதைக் கண்டார். கருவியில் அழுக்கு இருந்தாலும் அப்படித்தான், அதன் வடிவம் கோணலாக இருந்தாலும் அப்படித்தான். ஏன் என்பதற்கு 1982இல் டேவிட் தௌலஸும் மூன்று கூட்டாளிகளும் விடை சொன்னார்கள்: அந்த முழு எண் எலெக்ட்ரான் அலைகளின் டோப்பாலஜி எண். வெளிக் காந்தப்புலமே இல்லாமல், பொருள் தன் உள்ளொழுங்காலேயே இதைச் செய்ய முடியும் என்று 1988இல் டங்கன் ஹால்டேன் தாளில் காட்டினார். சோதனையில் அது கைகூட 2013 ஆயிற்று. பெய்ஜிங்கில் குரோமியம் தூவிய ஒரு மென்படலத்தில், தனிச்சுழியத்துக்கு மேலே வெறும் 0.03 கெல்வினில். தௌலஸும் ஹால்டேனும் மைக்கேல் கோஸ்டர்லிட்ஸும் 2016இன் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பட்டைகளுக்கு நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி மூடாதவரை இந்த எண் மாற முடியாது. வளைவுகள் தொடாமல் இழைகளின் எண்ணிக்கை மாறாது என்பதன் எலெக்ட்ரான் வடிவம் அது. எண் மாறும் இடத்தில் இடைவெளி மூடியே ஆக வேண்டும். பொருளுக்குள் எண் ஒன்று, வெளியே வெற்றிடத்தில் சுழியம். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் இடைவெளி மூடுகிறது, அதனால் உள்ளே காப்புப் பொருளாக இருப்பது விளிம்பில் மட்டும் மின்னோட்டத்தைக் கடத்துகிறது. இப்போது படிகத்தின் மேல் அழுத்தத்தை ஏற்றி, உள்ளிருக்கும் எண்ணையே மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாறும் அந்தப் புள்ளியில் இடைவெளி உள்ளேயும் மூடுகிறது. விளிம்பில் மட்டும் நடந்தது எங்கும் நடக்கிறது. அந்த ஓர் அழுத்தத்தில் படிகம் முழுவதுமே விளிம்புதான்.

காந்தம் எங்கே வருகிறது? மாங்கனீசு பிஸ்மத் டெலூரைடு என்ற படிகத்தைப் பார்ப்போம். காந்தத்தையும் டோப்பாலஜியையும் வெளிக் கலப்பின்றி ஒரே உடம்பில் கொண்ட முதல் காப்புப் பொருள் என்று 2019இல் பேர் பெற்றது. ஏழு அணுத் தளங்கள் சேர்ந்து ஓர் அடுக்கு, நட்ட நடுவில் மாங்கனீசு. அடுக்குகள் ஒன்றோடொன்று வாண்டர் வால்ஸ் விசையால் மட்டும், அதாவது லேசாக, ஒட்டியிருக்கின்றன. பிஸ்மத்தும் டெலூரியமும் கனத்த தனிமங்கள், அவற்றின் எலெக்ட்ரான்கள் டோப்பாலஜிக்குரிய பின்னலைத் தருகின்றன. மாங்கனீசு காந்தத்தைத் தருகிறது. சுமார் 25 கெல்வினுக்குக் கீழே, ஓர் அடுக்கின் காந்தங்கள் எல்லாம் மேல்நோக்கி நின்றால் அடுத்த அடுக்கில் கீழ்நோக்கி நிற்கும், அடுத்ததில் மறுபடி மேல்நோக்கி. வெளியிலிருந்து பார்த்தால் மொத்தக் காந்தம் இல்லை, உள்ளே ஒழுங்கு இருக்கிறது.

இதை வைரங்களுக்கு நடுவே வைத்து அழுத்தியவர்கள் கண்டவை சுவையானவை. காந்த ஒழுங்கு கரைந்துகொண்டே போய், சுமார் 7 ஜிகாபாஸ்கலில் மறைகிறது. உலோகம்போல் மின்சாரம் கடத்திக்கொண்டிருந்தது அழுத்தம் கூடக் கூட மேலும் நன்றாகக் கடத்தும் என்று எதிர்பார்த்தால், முதலில் குறைக்கடத்திபோல நடக்கத் தொடங்குகிறது. பிறகு இன்னும் அழுத்தினால் திரும்பவும் உலோகத்தின் பக்கம் வருகிறது. உள்ளுடம்பின் எலெக்ட்ரான்களும் மேற்பரப்பின் எலெக்ட்ரான்களும் அழுத்தத்துக்குத் தரும் பதில் ஒன்றல்ல. நாம் அளப்பதோ இரண்டும் கலந்த ஒரே மின்தடை. உயரழுத்தத்தில் படிகத்தின் அணு வரிசையே குலைந்து உருவமற்ற நிலைக்குப் போய்விடுகிறது. அந்தக் கட்டமைப்பு மாற்றம் வரும்வரை டோப்பாலஜித் தன்மை தாக்குப்பிடிக்கிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

காந்தமும் டோப்பாலஜியும் அழிகிற விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காந்த ஒழுங்கு தொலைவைச் சார்ந்தது. அண்டை மாங்கனீசு அணுக்கள் ஒரே திசையில் நிற்பதா எதிரெதிராக நிற்பதா என்பதை ஒன்றோடொன்று முரண்படும் விசைகள் முடிவு செய்கின்றன. தொலைவு சிறிது மாறினாலும் அவற்றின் பலாபலம் மாறும். ஆகவே அழுத்தத்தின் ஒவ்வொரு படியிலும் காந்தம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். கோபால்ட், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த இன்னொரு காந்த டோப்பாலஜிப் பொருளிலும் இதே கதைதான். சாதாரண நிலையில் 177 கெல்வின் வரை காந்தமாக இருக்கும் அது, அழுத்தம் ஏற ஏற இன்னும் குளிர்ந்தால்தான் காந்தமாவேன் என்கிறது. காந்தம் நோயாளியைப்போல் தேய்வதில்லை, கணக்கரைப்போல் அன்றாட இருப்பைச் சொல்லிக்கொண்டு தேய்கிறது.

டோப்பாலஜி எண் அப்படிச் சொல்வதில்லை. இடைவெளி அகலமாக இருக்கும்போதும் அது ஒன்று, பாதியாகச் சுருங்கியபோதும் ஒன்று, மயிரிழையாக மெலிந்தபோதும் ஒன்று. அடுத்த அடியில் சுழியம். எத்தனை தசம இடங்களுக்குத் துல்லியமாக அளந்தாலும், ஒன்று என்ற அந்த எண்ணில் முந்தைய கணத்துக்கும் அதற்கு முந்தைய நெடுங்காலத்துக்கும் வேறுபாடு இருக்காது. தேய்மானம் நடந்துகொண்டேதான் இருந்தது, எண்ணில் இல்லை, எண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த இடைவெளியில்.

டோப்பாலஜியைப் பற்றி எழுதுகிறவர்கள் விரும்பிச் சொல்லும் சொல் பாதுகாப்பு. டோப்பாலஜியால் பாதுகாக்கப்பட்ட மேற்பரப்பு, டோப்பாலஜியால் பாதுகாக்கப்பட்ட மின்னோட்டம் என்று தாராளமாகப் புழங்குகிறது. எனக்கு அந்தச் சொல்லில் ஒரு சந்தேகம் உண்டு. அந்த எண் அழிவிலிருந்து பாதுகாக்கப்படவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அழிவதிலிருந்துதான் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. கொஞ்சமாகக் குறைய முடியாத ஒன்று, குறைவதாகத் தெரிவிக்கவும் முடியாது. மாறாதிருப்பதும் பத்திரமாக இருப்பதும் ஒன்றல்ல. ஒரு குணம் எவ்வளவு உறுதியாக மாறாமல் நிற்கிறதோ, அவ்வளவுக்கு அது தன் விளிம்பின் அண்மையைப் பற்றி ஊமையாக இருக்கிறது. இது பௌதிகத்துக்கு வெளியேயும் செல்லுமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கடைசி நாள் வரை கணக்குச் சரியாக இருந்த வங்கி, ஒரு வார்த்தைகூட மாறாமல் இருந்த சட்டம், ஒருநாளும் சண்டை வராத வீடு என்று வரிசையாக நினைவுக்கு வருகின்றன. ஆனால் படிகம் படிகம்தான், அதற்கு உவமையாக நிற்கும் வேலையைக் கொடுத்துக் களைப்படையச் செய்ய வேண்டாம்.

இடைவெளியைத்தான் அளக்க வேண்டும், எண்ணை அல்ல என்று ஆன பிறகு பிரிட்ஜ்மன் குறுக்கே வருகிறார். எப்படி அளந்தாய் என்பது அவர் கேள்வி. இந்தக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்காததால் ஒரு பொருளின் கதை சில ஆண்டுகள் தடம் மாறிப் போனது. யூரோப்பியம், காட்மியம், ஆர்செனிக் சேர்ந்த ஒரு படிகம். இரண்டு பட்டைகள் புள்ளியில் மட்டும் தொட்டுக்கொள்ளும் டோப்பாலஜி அரை உலோகம் என்று கணக்கீடுகள் சொல்லின, 2019 வாக்கில் அதன் மிகச் சிறந்த மாதிரி என்றே கொண்டாடப்பட்டது. அழுத்திப் பார்த்தார்கள். சுமார் 1 ஜிகாபாஸ்கலில் அது காப்புப் பொருளானது, சுமார் 2 ஜிகாபாஸ்கலைத் தாண்டியதும் மறுபடி உலோகம். அதே 2 ஜிகாபாஸ்கல் வாக்கில் எதிரெதிராக நின்ற காந்தங்கள் ஒரே திசைக்குத் திரும்பின. இடையிலிருந்த காப்பு நிலை சிறிய காந்தப்புலத்துக்கே சரிந்து விழுந்தது. டோப்பாலஜி எண் இருமுறை மாறியதன் தடம் இது என்ற விளக்கம் அழகாகப் பொருந்தியது.

2023இல் வேறொரு குழு, வேற்று மின்சுமைகள் மிகக் குறைந்த தூய படிகங்களை ஒளியால் சோதித்தது. பட்டைகள் தொட்டுக்கொள்ளவே இல்லை. நடுவில் 0.77 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி. சிலிக்கானின் இடைவெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது சாதாரண அழுத்தத்தில் அது ஒரு காந்தக் குறைக்கடத்தி. முந்தைய படிகங்களில் இருந்த வேற்று மின்சுமைகள்தான் உலோகவேடம் கட்டியிருக்கின்றன. அழுத்தச் சோதனைகளின் அளவீடுகள் எதுவும் பொய்யாகவில்லை. மின்தடை ஏறியது ஏறியதுதான், காந்தம் திரும்பியது திரும்பியதுதான். அவற்றுக்குப் பெயராக ஒட்டியிருந்த எண்தான் கழன்று விழுந்தது. அந்த எண்ணை யாரும் அளந்திருக்கவில்லை, கணக்கிட்டிருந்தார்கள். கணக்கீட்டில் யூரோப்பியத்தின் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று எவ்வளவு விலக்குகின்றன என்பதற்குக் கொடுக்கும் மதிப்பை மாற்றினால் விடையும் மாறும். கோட்பாட்டாளர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தூய படிகம் கிடைப்பதற்கு முன் யாராக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள். ஆனால் முழு எண்ணுக்கு ஒரு மயக்கும் சக்தி உண்டு, அது வட்டமாக, முடிந்துபோன தீர்ப்பைப்போல் வந்து நிற்கும்போது கீழே இருக்கும் இடைவெளியைக் குனிந்து பார்க்கத் தோன்றுவதில்லை.

குனிந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது, அது எண்ணின் பிசகு வழியாகத்தான். தனிச்சுழிய வெப்பநிலையில் மட்டுமே டோப்பாலஜி எண் மாசு மறுவற்றது. கொஞ்சம் வெப்பம் இருந்தால் சில எலெக்ட்ரான்கள் இடைவெளியைத் தாவிக் கடக்கும், அளவீடு முழு எண்ணிலிருந்து சற்றே விலகும். இடைவெளி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவு பேர் தாவுவார்கள். 2020இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு, மாங்கனீசு பிஸ்மத் டெலூரைடை ஐந்தே அடுக்குகளாக உரித்தெடுத்து, வெளிக் காந்தப்புலம் இன்றி, 1.4 கெல்வினில் அளந்தது. கிடைத்தது ஒன்று அல்ல, 0.97. காந்தப்புலம் செலுத்தி எல்லா அடுக்குகளையும் ஒரே திசைக்குத் திருப்பியதும் பிசகு கிட்டத்தட்ட மறைந்தது, அந்த முழுமை 6.5 கெல்வின் வரைகூட நிலைத்தது. கட்டுரையின் தலைப்புச் செய்தி முழு எண்ணை எட்டியது என்பதுதான், அதில் தவறில்லை. நான் மறுபடி மறுபடி திரும்பிப் பார்ப்பது விடுபட்டுப்போன அந்த 0.03ஐத்தான். வெப்பநிலையைச் சிறுகச் சிறுக ஏற்றி அது எத்தனை வேகத்தில் வளர்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், எலெக்ட்ரான்கள் தாவிய இடைவெளியின் அகலம் அதிலிருந்து கணக்காக வந்துவிடும். வைரங்களுக்கு நடுவே படிகம் இறுகிக்கொண்டிருக்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.